முட்டைக்கும் கணக்கு வாசித்தவர்கள்

சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, தேரிக்காட்டின் ஓரமாக இருக்கிறது எங்கள் ஊர். செம்மணலும் பனையும்தான் அதன் சொத்து. 1960-களில் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கோயிலுக்கு ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். சேகரத்தில் ஊர்கள் பல, குருவானவர் ஒருவர். சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்து திருவிருந்து கொடுப்பார். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். மூன்று வாரம் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடித்த கல்யாணம் ஏதாவது இருந்தால் அதையும் நடத்திவைப்பார். மத்தியானம் யார் வீட்டிலாவது சாப்பிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். மற்ற நாளெல்லாம் கோயிலைத் தாங்கியவர்கள் சொற்பச் சம்பளம் வாங்கிய உபதேசியார் ஒருவரும், சம்பளமே வாங்காத கமிட்டிக்காரர்கள் சிலரும்தான்.

என் பாட்டையா அந்தக் கமிட்டியில் பொருளாளர். இளமையில் பனையேறியவர், பிறகு கருப்பட்டி வியாபாரம் செய்தார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஜெப புத்தகத்தின் காலை ஆராதனையும் மாலை ஆராதனையும் அவருக்கு மனப்பாடம். உபதேசியார் காய்ச்சலில் படுத்தால் பாட்டையாதான் அங்கியில்லாமல், வெள்ளை வேட்டியும் துண்டுமாக நின்று ஜெபம் நடத்துவார். பிரசங்கம் மட்டும் செய்யமாட்டார். வேதபாடத்தை இரண்டு முறை நிறுத்தி வாசித்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

அந்தக் காலத்தில் கமிட்டிக்கு ஆள் எடுப்பது பெரும்பாடு. ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் உட்காரச் சொல்லி, ஐயர் முன்னிலையில் பெயர் சொல்வார்கள். பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து, "என்னால முடியாது ஐயரே, பனைக்காலம் வருது" என்பார். இன்னொருவர், வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருக்கிறார் என்பார். கடைசியில் வற்புறுத்தித்தான் உட்கார வைப்பார்கள். அதில் பாசாங்கு இல்லை. கமிட்டிக்காரர் ஆவதென்றால் இராத்தூக்கம் போகும், கைக்காசு போகும், சொந்தக்காரர்களின் சுமுகமும் போகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அவர்கள் செய்த வேலைகளை இன்று நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஓடு நழுவினால் ஏறி மாற்ற வேண்டும். மணிக்கயிறு இற்றுப்போனால் புதுக்கயிறு திரிக்க வேண்டும். திருவிருந்துப் பாத்திரங்களைத் துடைத்து மஞ்சள் துணியில் சுற்றிப் பூட்டி வைக்க வேண்டும். யாராவது இறந்துவிட்டால் எந்த நேரமானாலும் போய் நிற்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் இடம் காட்டுவது, பெட்டிக்குப் பலகை ஏற்பாடு செய்வது, பெட்ரோமாக்ஸ் விளக்கில் காற்றடித்துத் தூக்கிப் பிடிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. விதவையின் வீட்டுக் கூரைக்கு ஓலை போடுவதும், திடப்படுத்தலுக்குப் படிக்கிற பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்களா என்று பார்ப்பதும், சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு அரிசி தண்டுவதும், பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்ட பிறகே தாங்கள் இலையில் உட்காருவதும் கூட அவர்கள் வேலையாகத்தான் இருந்தன.

எல்லாவற்றிலும் எனக்கு மறக்காமல் நிற்பது மாதத்தின் முதல் ஞாயிற்றில் நடக்கும் கணக்கு வாசிப்பு. நீளவாக்கில் மடித்த, சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டு ஒன்று. பாட்டையா எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போன மாதத்து வரவு முழுவதையும் வீட்டுப் பெயர் சொல்லி வாசிப்பார். எங்கள் ஊரில் காசாக விழுந்த காணிக்கை குறைவு. கருப்பட்டி, தேங்காய், முருங்கைக்காய், பனங்கிழங்கு, கோழி, முட்டை என்று பொருளாகத்தான் வரும். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து ஒதுக்கிய அரிசி தனியாக ஓலைப்பெட்டியில் வரும். ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் போன விலை, எடுத்தவர் பெயர், பாக்கி வைத்தவர் பெயர் எல்லாம் நோட்டில் ஏறும். அது அத்தனையும் அடுத்த முதல் ஞாயிற்றில் சத்தமாகக் கேட்கும்.

ஒரு முறை, தெருமுனை வீட்டு ஆச்சி ஒருத்தி நடுவில் எழுந்து நின்றாள். காது கொஞ்சம் மந்தம், அதனால் குரல் பெரிது. "தம்பி, நான் போட்டது ரெண்டு முட்டைல்லா. ஒண்ணுன்னு வாசிக்கிறியே?" கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாட்டையா பதற்றப்படவில்லை. பக்கத்தைப் புரட்டினார். "அக்கா, ரெண்டுதான் வந்திருக்கு. ஒண்ணு பெட்டியிலேயே உடைஞ்சுபோச்சு. ஏலத்துல போனது ஒண்ணு" என்று சொல்லி, உடைந்தது என்று எழுதியிருந்த வரியை அவள் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து பார்த்தாள். "சரி, எழுதியிருக்கியான்னுதான் கேட்டேன்" என்று உட்கார்ந்துகொண்டாள். அடுத்த மாதத்திலிருந்து, வந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார்.

ஒரு முட்டைக்காக அந்த ஆச்சி எழுந்து கேட்க முடிந்தது. கேட்டதற்கு அங்கேயே பதில் கிடைத்தது. சபைத் தலைமை என்று நான் நம்புவது அதைத்தான். கொடுத்தவர் முன்னால் வாங்கியவர் நின்று கணக்குச் சொல்ல வேண்டும். அந்த இடம் போய்விட்டால் எத்தனை சட்டதிட்டம் எழுதினாலும் பயனில்லை.

காணிக்கைப் பெட்டிக்கு இரண்டு பூட்டு உண்டு. ஒரு சாவி எங்கள் வீட்டில், இன்னொன்று வடக்குத் தெருவில் ஒரு கமிட்டிக்காரர் வீட்டில். இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். என் கடைசி அத்தைக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்று சாயங்காலம், பாட்டையா சாவியைக் கொண்டுபோய் செக்ரட்டரியிடம் கொடுத்துவிட்டார். என் ஆச்சிக்கு வருத்தம். ஊர் தப்பாகப் பேசுமே என்றாள். "செலவு நிக்கிற வீட்டுல கோயில் துட்டு இருக்கப்படாது. கல்யாணம் முடிஞ்சு கடன் அடையட்டும், பொறவு வாங்கிக்கிடுதேன்" என்றார். தன் மனசை அவர் சந்தேகித்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. சோதனைக்கு இடம் கொடுக்கிற ஏற்பாடே வேண்டாம் என்று நினைத்தார். கடன் அடைந்து சாவி திரும்பி வர வெகுகாலம் ஆனது. அதுவரை கணக்கு வாசிப்பது மட்டும் அவர். பெட்டி திறப்பது வேறு இருவர்.

ஐயர் வருவதற்கு முந்தின சனிக்கிழமை இரவுதான் அவருக்குக் கடினமான வேலை. மனத்தாங்கலோடு இருப்பவர்கள் திருவிருந்துக்கு வரக்கூடாது என்பது ஜெப புத்தகத்தின் ஒழுங்கு. யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்று ஐயருக்கு எப்படித் தெரியும்? ஊரிலேயே இருக்கிற கமிட்டிக்காரர்களுக்குத்தான் தெரியும். ஆகவே அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவார். சில நாள் என்னையும் கூட்டிப்போவார்.

அண்ணன் தம்பி இருவருக்கு எல்லையில் நின்ற ஒரு பனையைப் பற்றி வழக்கு. பதனீர் யாருக்கு என்று தொடங்கி, அரிவாள் எடுக்கிற அளவுக்குப் போயிருந்தது. அண்ணன் வீட்டுத் திண்ணையில் பாட்டையா உட்கார்ந்தார். தம்பியைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அவன் வந்து முற்றத்திலேயே நின்றான். வெகுநேரம் யாரும் பேசவில்லை. நான் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டு விழித்தபோதும் அப்படியே இருந்தார்கள். பிறகு பாட்டையா, "காலையில ஐயர் வாராவ. ரெண்டு பேரும் பீடத்துக்கு முன்னால பக்கத்துல பக்கத்துல முழங்கால் போடணும். நடுவுல அந்தப் பனை நின்னா எப்படிப் போடுவிய?" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. அந்த இரவில் சமாதானம் ஆகவில்லை. மறுநாள் இரண்டு பேரும் பந்திக்கு வரவில்லை. மாதத்துக்கு மாதம் அவர் போய் உட்கார்ந்துகொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பனையின் பதனீரைக் கோயிலுக்கு எழுதிவைத்தார்கள். சபை நடத்துவது பொறுமையான வேலை என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

பாட்டையாவுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வேதத்தைக் காதால் கேட்டே வளர்ந்த தலைமுறை அது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் வரும் ஏழு பேரை அவர் அடிக்கடி சொல்வார். எருசலேம் சபையில் விதவைகளுக்குச் சாப்பாடு போடுவதில் ஒரு பிரிவாரைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அதைச் சரிசெய்யத்தான் அந்த ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். சோறு பரிமாறுகிற வேலைக்கு நற்பெயரும் ஞானமும் தேவ ஆவியும் உள்ள ஆட்கள் வேண்டும் என்று அப்போஸ்தலர்கள் கேட்டார்கள் என்பதுதான் பாட்டையாவுக்கு ஆச்சரியம். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் அந்தப் பட்டியலில் முதல் பெயர். தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரமும் அவருக்குத் தெரியும். குடிவெறி இல்லாதவன், இரட்டை நாக்கு இல்லாதவன், பண ஆசை இல்லாதவன், தன் வீட்டை ஒழுங்காக நடத்துகிறவன், வேலை கொடுக்கும் முன்பே சோதிக்கப்பட்டவன் என்று அங்கே உதவிக்காரருக்குக் கேட்கப்படுகிற தகுதிகளில் பேச்சுத்திறமை இல்லை, செல்வாக்கு இல்லை, பணவசதி இல்லை.

திருநெல்வேலி சபையின் சரித்திரத்தைத் திருப்பினாலும் குருமார் வருவதற்கு முன்னால் சாதாரண விசுவாசிகள்தான் நிற்கிறார்கள். பாளையங்கோட்டையில் 1785-இல் கோயில் கட்டியவர் குளோரிந்தா என்ற விதவை. தஞ்சாவூர் வரை போய், எங்கள் சபைக்கு ஓர் உபதேசியாரைத் தாருங்கள் என்று மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கேட்டவரும் அவர்தான். அந்தக் கோயிலை இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறார்கள். அப்படி வந்து சேர்ந்த சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றது 1790-இல். அதுவரை அவர் உபதேசியார்தான். 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென்று முதலூர் உருவானபோது முன்னால் நின்ற தாவீது சுந்தரானந்தமும் குருவானவர் அல்ல. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணம் இல்லாமல், நம்முடைய காணிக்கையில் நம்முடைய ஆட்களை அனுப்ப வேண்டும் என்பது அதன் உறுதி. அதன் முதல் செயலாளர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, அப்போது ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்த லேமேன், அதாவது குருப்பட்டம் பெறாத விசுவாசி. 1909-இல்தான் குருப்பட்டம் பெற்றார், 1912-இல் பேராயர் ஆனார். அந்தச் சங்கத்தின் தெலுங்கு நாட்டு ஊழியத்துக்குப் போன பணத்தில் எங்கள் பக்கத்துப் பெண்களின் பிடி அரிசியும் இருக்கிறது.

பழைய காலம் முழுவதும் பொன்னாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. எங்கள் கமிட்டியில் ஒரு பெண்கூட இருந்ததில்லை. பிடி அரிசியை வீடு வீடாகத் தண்டியது என் ஆச்சி. எந்த வீட்டில் உலை கொதிக்கவில்லை என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். எந்த வீட்டுக்குக் கோயில் அரிசி போக வேண்டும் என்று பாட்டையாவுக்கு இரவில் சொன்னவளும் அவள்தான். கமிட்டி கூடும்போது அவள் வாசலுக்கு வெளியே காப்பி ஆற்றிக்கொண்டு நிற்பாள். ஒரு விதவை தொடங்கிவைத்த சபையில், பெண்கள் பேசத் தலைமுறைகள் ஆயின. இன்னொன்றும் இருந்தது. சில குடும்பங்களிலிருந்துதான் திரும்பத் திரும்பக் கமிட்டிக்கு ஆள் வந்தது. ஊரின் தென்கோடியில் இருந்த சில வீட்டாரை, சாதியைச் சொல்லி, கடைசி வரிசையிலேயே உட்கார வைத்தார்கள். அவர்கள் போட்ட காணிக்கையும் நோட்டில் ஏறியது. அவர்கள் பெயர் மட்டும் கமிட்டிக்குச் சொல்லப்படவே இல்லை. பாட்டையா நல்லவர். ஆனால் அதை அவர் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த அநியாயத்துக்கும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தை நினைக்க வேண்டும்.

ஆகவே கமிட்டித் தேர்தலும் வாக்குரிமையும் வந்ததை நான் குறை சொல்லமாட்டேன். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் அதில் ஒன்றானார்கள். சேகர கமிட்டி முதல் டயோசிஸ் (திருமண்டல) கவுன்சில், சினாடு வரை குருமாரோடு லேமேன்களும் உட்கார்ந்து தீர்மானிக்கிற முறை அதில் உறுதியாயிற்று. பேராயர் பதவிக்கான பெயர்ப் பட்டியலுக்கே எங்கள் பிரதிநிதிகள் வாக்களிக்கிறார்கள். 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கப்படுகிறது, 2013-இல் ஒரு பெண் பேராயரும் வந்துவிட்டார். மிஷனெரி துரைமாரின் வாயைப் பார்த்து நின்ற சபை தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கத் தொடங்கியது பெரிய நன்மை. தென்கோடித் தெருவின் பேரன்கள் கமிட்டிக்கு வந்தது ஓட்டு இருந்ததால்தான்.

பிறகு எங்கே கெட்டது? காரணம் வெளிப்படையானது. திருமண்டலங்களின் கையில் பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நிலங்களும் இருக்கின்றன. அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. ஆளைத் தெரிந்தெடுப்பது நிர்வாகம். அரசு ஆசிரியருக்கு நிகரான சம்பளம். அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று தீர்மானிக்கிற கை, தேர்தலில் ஜெயித்தவரின் கை. என் பாட்டையாவின் காலத்தில் கமிட்டிக்காரரிடம் இருந்தது முட்டையும் கருப்பட்டியும்தான். அதைத் திருடுவதற்காக யாரும் பதவிக்கு வரமாட்டார்கள். இன்று அந்தப் பதவிக்குப் பின்னால் வேலைவாய்ப்பு இருக்கிறது, கட்டட ஒப்பந்தம் இருக்கிறது, நகரின் நடுவில் குத்தகைக்குப் போகிற இடம் இருக்கிறது. பொறுப்பு பெருகியபோது அதைச் சுமக்கிறவனின் குணத்தைப் பற்றிய விசாரிப்பும் பெருகியிருக்க வேண்டும். நாம் அதை அடியோடு விட்டுவிட்டோம்.

தபால் துறையில் ஓய்வு பெற்று, இப்போது ஒரு நகரத்தில் இருக்கிறேன். இங்கே எங்கள் சபையில் நடந்த தேர்தலைச் சொல்கிறேன். அறிவிப்பு வரும் முன்பே வாட்ஸ்அப்பில் இரண்டு அணிகள் கிளம்பிவிட்டன. கோயிலுக்கு எதிரே பிளக்ஸ் போர்டு. கைகூப்பிச் சிரிக்கிற முகங்களுக்கு மேலே வேத வசனம். ஓட்டுரிமைக்கு, சபையார் மாதாமாதம் கட்டும் சங்கக் காணிக்கை பாக்கி இருக்கக் கூடாது. பல வருஷமாகக் கோயில் பக்கம் வராதவர்களின் பாக்கியை வேட்பாளர்களே மொத்தமாகக் கட்டினார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் ஐக்கிய ஜெபம் என்று பிரியாணி. திருவிருந்து ஞாயிறு அன்று, நான் பந்தியிலிருந்து எழுந்து வந்து இன்னும் வாசலைக்கூடத் தாண்டவில்லை. கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தார்கள். அணியின் பெயரும் வரிசை எண்களும் அச்சாகியிருந்தன. ஓட்டு நாளில் காம்பவுண்டுக்குள் போலீஸ் வண்டி நின்றது. அண்ணன் ஓர் அணி, தம்பி ஓர் அணி என்று பிரிந்த வீடுகள் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார இப்போது யாரும் இல்லை. அவர்களைப் பிரித்தவர்களே கமிட்டிக்காரர்கள்.

ஜெயித்தவர்களுக்கு மாலையும் வெடியும். ஒருவரது காரின் முன்கண்ணாடியில் பதவியின் பெயர் எழுதிய பலகை மறுநாளே வந்துவிட்டது. அதன்பிறகு அவரைத் துக்க வீட்டில் நான் பார்த்தது அபூர்வம். பார்த்தபோதும், பெட்டி மூடுவதற்குச் சற்று முன் வந்து, ஐயருக்குப் பக்கத்தில் நின்று, ஜெபம் முடியுமுன் கிளம்பிவிட்டார்.

எங்கள் தெருவில் கணவனை இழந்த ஒரு தாய் தையல் மெஷினை மிதித்து மகளைப் படிக்க வைத்தாள். மகள் பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறினாள். ஒரு பள்ளியில் இடம் காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தாயும் மகளும் விண்ணப்பத்தோடு ஒருவரைப் போய்ப் பார்த்தார்கள். விண்ணப்பத்தை அவர் பிரிக்கவே இல்லையாம். எவ்வளவு புரட்ட முடியும் என்று கேட்டிருக்கிறார். அந்தத் தாய் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது அழவில்லை. "நான் ஒரு மாசம்கூட சங்கம் பாக்கி வைக்கலியே அண்ணாச்சி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அன்று ராத்திரி முழுக்க உறக்கமில்லை. அப்போஸ்தலர்கள் எந்த விதவைகளின் முறையீட்டைக் கேட்டுக் கூட்டம் கூட்டினார்களோ, அதே முறையீடு. இப்போது அதைக் கேட்கப் பந்தியில் யாரும் இல்லை.

வழக்குகளும் பெருகிவிட்டன. தேர்தல் சரியில்லை என்று இந்த அணி போகிறது, நிர்வாகம் சரியில்லை என்று அந்த அணி போகிறது. சில திருமண்டலங்களைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளை நீதிமன்றமே நிர்வாகிகளாக அமர்த்துகிற அளவுக்கு வந்துவிட்டது. விசுவாசிகள் தங்களுக்குள் வழக்காடக் கூடாது என்று கொரிந்து சபைக்குப் பவுல் கடிந்து எழுதியதை நாம் ஆராதனையில் வாசிக்கிறோம். வக்கீல் செலவு போவது, யாரோ ஒரு கிழவி போட்ட காணிக்கையிலிருந்துதான்.

இதே சபையில்தான் வேறொன்றையும் பார்த்தேன். 2021-இல் கொரோனா இரண்டாம் அலை வந்தபோது, இறந்தவர்களைத் தொடச் சொந்தக்காரர்களே பயந்தார்கள். எங்கள் சபை வாலிபர்கள் சிலர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் மெக்கானிக், ஒருவன் கல்லூரி மாணவன், ஒருவன் காய்கறிக் கடையில் நிற்பவன். கவச உடையைப் போட்டுக்கொண்டு, மருத்துவமனையிலிருந்து உடலை வாங்கி, ஆழமாகக் குழி தோண்டச் சொல்லி, கயிற்றில் இறக்கி, தள்ளி நின்று ஜெபித்த ஐயருக்கு ஆமென் சொன்னார்கள். அந்த வெயிலில் உடையைக் கழற்றும்போது வியர்வை வாளியில் ஊற்றியது போல் கொட்டும். கிறிஸ்தவர்கள் அல்லாதவர்கள் கூப்பிட்டபோதும் போனார்கள். யாரும் அவர்களுக்குப் பிளக்ஸ் வைக்கவில்லை. அவர்களும் எதிர்பார்க்கவில்லை. பாட்டையாவின் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பிடிக்க இன்றும் ஆள் இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டுப் பொறுப்பில் உட்கார வைக்கிற சபையாகத்தான் நாம் இல்லை. அந்த மெக்கானிக் தம்பி அடுத்த தேர்தலில் ஐயரின் வற்புறுத்தலால் நின்றான். எந்த அணியிலும் சேரவில்லை. தோற்றுப்போனான். தோற்ற மறு ஞாயிறும் வழக்கம்போல் வாசலில் நின்று, நடக்க முடியாதவர்களைக் கைபிடித்துப் படியேற்றினான்.

கமிட்டியில் இப்போது பெண்களுக்கு இடம் இருக்கிறது. எங்களிடம் ஒரு தங்கச்சி இருக்கிறாள், வங்கியில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவள். கூட்டத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: மாதக் கணக்கை ஆராதனை முடிவில் சபைக்கு முன்னால் வாசிக்க வேண்டும். ஆண்டறிக்கையில் அச்சிடுகிறோமே என்றார்கள். ஆடிட்டர் பார்க்கிறாரே என்றார்கள். நேரமாகும், ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்றார்கள். அவள் விடவில்லை. ஆண்டறிக்கையில் "இதர செலவுகள்" என்று ஒரே வரியில் போகிற தொகையைப் பிரித்துக் காட்டச் சொன்னாள். அடுத்தடுத்த கூட்டங்களின் தேதி அவளுக்கு அறிவிக்கப்படாமல் போயிற்று. அவளே ஐயரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போய் உட்கார்ந்தாள். கடைசியில் அசனப் பண்டிகைக் கணக்கை மட்டும் வாசிக்க அனுமதித்தார்கள். அரிசி வாங்கியது, ஆடு வாங்கியது, விறகு, வாடகைப் பாத்திரம், மிச்சமான அரிசி யார் யார் வீட்டுக்குப் போனது என்று எல்லாவற்றையும் நின்று வாசித்தாள். நேரமானது உண்மைதான். எழுந்து போனவர்கள் வெகு சிலர். விறகு விலையைப் பற்றி ஒருவர் கேட்டார். ரசீது எண்ணைச் சொன்னாள். தையல் மெஷின் தாய், தன் பெயரில் போட்ட மசாலா பாக்கெட்டுகள் பட்டியலில் வந்ததைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள்.

மறுபடியும் தேர்தல் வருகிறது. பாக்கி கட்டுகிறவர்கள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். தங்கச்சியைப் பொருளாளருக்கு நிற்கச் சொல்லி எங்கள் தெருவார் சிலர் போய்க் கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பிறகு போனில் கூப்பிட்டு, "நிக்கிறேன் அண்ணாச்சி. ஆனா போஸ்டர் கிடையாது, யாருக்கும் டீகூட வாங்கிக் கொடுக்கக் கூடாது. கணக்கு மாசம் முதல் ஞாயிறு வாசிப்பேன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். சரி என்று அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மெக்கானிக் தம்பி வழிமொழிவதாக ஒத்துக்கொண்டிருக்கிறான். முன்மொழிகிறவரின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் நேற்று என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.